பத்தில் இரண்டு

அப்பா இறந்து பதினோரு மணி நேரம் கழித்துத்தான் சித்தப்பா வந்தார். அவள் டீ தம்ளர்களைக் கழுவுவதை விட்டுவிட்டு ஈரக்கையோடு கூடத்துக்குப் போனாள். இதற்காகத்தான் விடிந்ததிலிருந்து அழாமல் இருந்தாள்.

சித்தப்பா சொந்தமாக லேப் வைத்திருந்தார். போன வருடம் அப்பா இளைத்துக்கொண்டே போனபோது மலத்தில் ரத்தம் கசிகிறதா என்று அங்கேதான் பார்த்தார்கள். பில் கட்ட, மருந்து வாங்க, தான் திட்டியவர்களிடம் சமாதானம் பேச என்று எல்லாவற்றுக்கும் அம்மாவை அனுப்புகிறவர் அப்பா. மலம் எடுத்த டப்பாவையும் அம்மாதான் லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரத்தம் இல்லை என்று ரிசல்ட் வந்தது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கலாமே என்ற டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி அப்பா தப்பித்துக்கொண்டார். பிறகு குடலில் புற்றுக்கட்டி தெரிந்தபோது அது கல்லீரல்வரை போயிருந்தது.

அவள் வாயில்லாப் பூச்சி என்று பேரெடுத்தவள். அவள் பேசியதும் கூடம் அடங்கியது.

"சித்தப்பா, வியாதி இருக்கிற பத்துப் பேர்ல உங்க டெஸ்ட்டு எத்தன பேரக் கோட்ட விடும்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பேர. சமயத்துல மூணு."

"அப்பாகிட்ட அதச் சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்லண்ணே, நிம்மதியா தூங்குங்கன்னு சொன்னேம்மா."

இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமாகிவிடாது, ஆள் இளைத்துக்கொண்டிருந்தால் மேலே பார்த்தே ஆக வேண்டும், இது லேப் படிப்பில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கே தெரியும் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். அவர் முகம் சுருங்கச் சுருங்க, வலிக்கிற பல்லையே அழுத்திக் கடிப்பதுபோல் சுகமாக இருந்தது.

"உங்க ஒத்த வார்த்ததான் அவரக் கொன்னுச்சு. ஆயுசுக்கும் அத நெனச்சுக்கிட்டே இருங்க."

யாரும் தடுக்கவில்லை. சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

"தம்பி, உள்ள வாங்க."

அம்மா அப்பாவின் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியேதான் பேசினாள்.

"உங்க டெஸ்ட்டு சரியாத்தான் சொல்லுச்சு. அவருக்குக் கூச்சம். நீயே குடுத்துத் தொலைன்னாரு. டப்பால இருந்தது என்னோடது."