இந்த வீடு வாடகைக்கு இல்லை

"பாத்தியா தங்கச்சி, கூகுள்ல நம்மதான் ஃபர்ஸ்ட்டு!" என்று கோதண்டபாணி தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

கோட்டூர்புரம், அபிராமபுரம், மயிலாப்பூர் என்று மூன்று பேட்டையிலும் இருபது வருடமாக வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அவர். நான் உம்மே ஹானி. வியாபாரிகளின் வலைத்தளங்களை கூகுளில் மேலே ஏற்றிவிடுவது என் பிழைப்பு. மனிதர் நாள் முழுக்கத் தன் பெயரையே தேடி, தன் பக்கத்தையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போனும் அவருக்குப் பிடித்ததையே காட்டப் பழகிவிட்டது. என் போனில் 'அபிராமபுரம் வாடகை வீடு' என்று தேடிக் காட்டினேன். முதலில் வந்தது எதிர்க்கடைக் கதிரேசன். கோதண்டபாணி நாலாம் பக்கத்தில், ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கீழே கிடந்தார்.

குடித்துக்கொண்டிருந்த டீ அவருக்குப் புரையேறிவிட்டது.

"அந்தக் கய்தையா ஃபர்ஸ்ட்டு? நான் அறுவது பேராண்ட ஸ்டார் வாங்கிப் போட்டேனே, அதெல்லாம் இன்னா ஆச்சு?"

அந்த அறுபது பேரும் நொச்சிக்குப்பத்தில் அவருக்கு மீன் விற்கிறவர்கள். ஒரே சாயங்காலம், ஒரே தெருவிலிருந்து போட்டது. அதில் பாதிப் பேர் 'அண்ணன் வஞ்சிரம் வாங்குனா பேரம் பேச மாட்டாரு' என்று எழுதியிருந்தார்கள். கூகுள் அத்தனையையும் வழித்து எறிந்துவிட்டது.

வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஆனால் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. கோட்டூர்புரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். என் அம்மி அஸ்மத்துன்னிசா ஜாக்கெட் தைக்கிறவள். வாடிக்கைக்காரர்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில். ஊருக்கு வெளியே போய்விட்டால் ஒரு ஜாக்கெட்டுக்காக யார் பஸ் ஏறி வருவார்கள்? நானாவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காருவேன். அம்மிக்கு அந்தப் பெண்களோடு ஒரு நாள் வாயாடாவிட்டால் சோறு இறங்காது.

"உங்களை ஃபர்ஸ்ட்டு கொண்டாந்துடறேன். ஃபீஸ் வேணாண்ணா. இந்தப் பக்கமே எங்களுக்கு ஒரு வீடு பிடிச்சுக் குடுத்துடுங்க."

"இவ்ளோதானா? ஜுஜுபி மேட்டரு!" என்றார்.

வேலையில் இறங்கிய பிறகுதான் இவரோடு மல்லுக்கட்டுவது என்றால் என்னவென்று தெரிந்தது. வீட்டு முகவரி கேட்டால் தர மாட்டார். "அட்ரஸ் போட்டா பார்ட்டி நேரா ஓனராண்ட பூடுவான், நம்ம கமிஷன் அம்பேல்" என்பார். புரோக்கர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் ரகசியமாக வைத்துக்கொண்டு மிச்சம் அத்தனையையும் வர்ணிப்பார்கள். 'முதல் மாடி, கிழக்குப் பார்த்தது, கேட்டில் மகிழமரம், பக்கத்தில் மூட்டுவலி டாக்டர்.' இதைப் படித்துவிட்டு எந்த வீடு என்று தெரியாதவர் அபிராமபுரத்தில் யார் இருக்கிறார்கள்? கூகுளுக்கு மட்டும்தான் தெரியாது.

சண்டை போட்டு, கெஞ்சி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பக்கம் எழுதினேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கார் நுழையுமா, மாவு அரைக்கிற கடை எங்கே என்று ஜனங்கள் உண்மையில் தேடுவதையெல்லாம் போட்டேன். தளத்தில் என் நம்பரைக் கொடுத்து, வருகிற போன்களை நானே எடுத்தேன். இரண்டே மாதத்தில் கோதண்டபாணி முதல் இடம், இந்தத் தடவை ஊரார் போனிலும். கதிரேசன் எங்கள் பட்டியலைப் பார்த்துத் தன் பட்டியலைத் திருத்த ஆரம்பித்தார். மற்றப் புரோக்கர்களும் அப்படியே காப்பியடித்தார்கள்.

சரி, இனி என் வீடு. கோதண்டபாணி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஓனர்களோடு பேசினார்.

"சார், டீசன்ட் ஃபேமிலி. அம்மா, பொண்ணு, ரெண்டே பேரு. பொண்ணுக்கு கம்ப்யூட்டர் வேலை."

"ரொம்ப நல்லது, இன்னைக்கே வரச் சொல்லுங்க. பேரு?"

பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு இருமல். "அடடா, சொல்ல மறந்துட்டேன். பையன் ஃபாரின்லேர்ந்து திரும்பி வர்றான். வீடு அவனுக்கே வேணுமாம்."

அடுத்த வீட்டிலும் பையன் வந்தான். அதற்கடுத்த வீட்டிலும் வந்தான். ஒரே வாரத்தில் ஏழு வீடு, ஏழு பையன்! வெளிநாடுகளே காலியாகிவிடும் போலிருந்தது.

"மன்சுல வெச்சுக்காத தங்கச்சி" என்றார் கோதண்டபாணி, என் முகத்தைப் பார்க்காமல்.

மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்? தினமும் வீட்டுக்குப் போய் 'அந்த வீடு சின்னது அம்மி, எனக்குப் பிடிக்கல' என்று நான் ஒரு பொய் சொல்வேன். நம்பியதாக அவள் ஒரு பொய் சொல்வாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து அந்த ஏழு வீட்டுப் பக்கங்களிலும் கொட்டை எழுத்தில் போட்டேன்: 'இந்த வீடு வாடகைக்கு இல்லை. உரிமையாளரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இங்கே குடியேறுகிறார்.' இதில் என் சரக்கு எதுவும் கிடையாது. அவர்கள் வாயால் சொன்னதைத்தான் எழுதினேன்.

பத்து நாள் அந்த ஏழு வீட்டுக்கும் ஒரு ஈ, காக்கா போகவில்லை. கதிரேசனும் மற்றவர்களும் எங்களைப் பார்த்து அவற்றைத் தங்கள் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். முதலில் போன் போட்டுக் கொதித்தவர் மயிலாப்பூர்க்காரர் ஒருவர்.

"என்னய்யா கோதண்டபாணி, நேத்துலேர்ந்து மூணு பேர் ஜாதகத்தைத் தூக்கிண்டு எங்காத்துக்கு வந்துட்டா! எனக்கேது பிள்ளை? ரெண்டும் பொண்ணுய்யா!"

"நீங்கதான சார் சொன்னீங்க, பையன் வரான்னு?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்போ வீட்ட அந்தத் தங்கச்சிக்கே குட்த்துடலாமா சார்?"

அவர் போனைப் பட்டென்று வைத்துவிட்டார். நானும் கோதண்டபாணியும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால் சிரித்து என்ன? எங்கள் வீட்டை இடிக்கிறவர்கள் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

மறுநாள் அந்த ஏழு பேரில் ஒருவர், அபிராமபுரத்து மகிழமரத்து வீட்டுக்காரி பேச்சியம்மாள் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். கணவர் இல்லை. கீழ் வீட்டில் தனியாக இருப்பவர்.

"அந்த வரிய எழுதுனது யாரு?"

"நான்தாம்மா" என்றேன், சண்டைக்குத் தயாராக. "நீங்க வீடு இல்லன்னு சொன்னதும் எனக்குத்தான். பையன் வர்றாருன்னு சொன்னீங்க, போட்டேன். தப்பா?"

அவர் சண்டை போடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பொய்தான் சொன்னேன். புகழேந்தி டல்லாஸ் போயி எட்டு வருசம் ஆவுது. ஒரு தடவ வரல. நேத்து எதுத்த வீட்டம்மா அல்வா கிண்டி எடுத்தாந்தாங்க, பையன் வர்றானாமேன்னு. டாக்டரு கேக்கறாரு. இஸ்திரி போடறவரு கேக்கறாரு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆமான்னுட்டு அல்வாவ வாங்கி வெச்சுக்கிட்டேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் எனக்குச் செய்தது அநியாயம்தான். அதற்காக அவர் புண்ணில் நான் இப்படியா கை வைப்பது? வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா. இப்பவே எடுத்துடறேன்" என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காத. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"அது இருந்தா ஒரு பார்ட்டி வர மாட்டான்மா. வூடு பூட்டியே கெடக்கும்" என்று பதறினார் கோதண்டபாணி.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீயும் ஒங்கம்மாவும் வந்து இருங்க. அன்னைக்குப் பேரக் கேட்டுட்டு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, அவன் வந்துட்டா அன்னைக்கே காலி பண்ணித் தந்துரணும்."

"எட்டு வருசமா வராதவன் எங்க வரப்போறான்? சரின்னு சொல்லு" என்று கோதண்டபாணி என் காதைக் கடித்தார். நான் சரி என்றேன்.

குடிபோய் நாலு மாதமாகிறது. மற்ற ஆறு வீட்டு வரிகளையும் ஓனர்கள் கெஞ்சிக் கேட்டு எடுக்க வைத்துவிட்டார்கள். பேச்சியம்மாள் வீட்டு வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மியின் வாடிக்கைக்காரர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை. அம்மி மீன் பொரித்தால் ஒரு தட்டு கீழே போகும், அது ஒருநாளும் காலியாக மேலே திரும்பி வந்ததில்லை. எனக்கு இப்படி ஒரு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

போன வியாழக்கிழமை காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது.

"கோதண்டபாணி ரியல் எஸ்டேட்டுங்களா? அபிராமபுரத்துல முதல் மாடி வீடு ஒண்ணு போட்டிருக்கீங்களே..."

"அது வாடகைக்கு இல்ல சார். ஓனரோட மகன் வர்றாரு."

"தெரியும். அதான் கேக்கறேன்." அந்தக் குரல் தயங்கியது. "நான் புகழேந்தி பேசறேன். சும்மா எங்க ஏரியாவத் தேடிப் பாத்துட்டிருந்தேன், இதான் முதல்ல வந்துச்சு. நான் வர்றேன்னு எங்கம்மாவா சொன்னாங்க?"

கீழே பேச்சியம்மாளும் அம்மியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'தப்பாப் போட்டுட்டோம் சார், எடுத்துடறோம்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் போனை வைத்துவிடுவான், வீடு எங்களோடு இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஆமா சார், அவங்கதான் சொன்னாங்க" என்றேன். "தெருவே கேட்டுட்டிருக்கு. நீங்க என்னைக்கு வர்றீங்கன்னு சொல்லுங்க, நாங்க வேற வீடு பாக்கணும்."