பொம்பர் பயம்

என் புருஷன் சீமோன் கை ஓங்கும்போதெல்லாம் என் நெஞ்சு தறிகெட்டு ஓடும். எல்லோருக்கும் வருகிற படபடப்பு இல்லை. தொண்டைவரை அடித்து, கண் இருட்டி, கால் துவண்டு, குரல் அடைத்துவிடும். கனடாவில், மல்வேர்னில், எங்கள் வீடு பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். ஒரு சத்தம் போட்டிருந்தால் யோகமலர் அக்கா ஓடி வந்திருப்பார். அந்த ஒரு சத்தம் எனக்கு வரவில்லை. வாசல்வரை போகவும் கால் வரவில்லை. நான் பிறவிக் கோழை என்றே நம்பியிருந்தேன்.

சனமும் அதைத்தான் சொன்னது. யாழ்ப்பாணத்தில் பொம்பர் விமானங்கள் குண்டு போட்ட நாட்களில், ஒளிந்திருந்த பங்கர் குழிக்குள் மயங்கி விழுந்தவள் நான். அதைப் பிடித்துக்கொண்டு, சீமோனின் தமக்கை கிளடிஸ் மச்சாள் முடிவே கட்டிவிட்டார்.

"உது பொம்பர் பயம், அன்ரனெற். கனடாவில பொம்பர் இல்லைத்தானே, போகப் போகச் சரிவரும்."

பயம் தெளிய அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்தார். தம்பி கை ஓங்குவதைப் பற்றி அந்தோனியாரிடம் ஒரு வார்த்தை சொன்னாரோ தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கதைதான். போய்ச் சேருவதற்குள் நெஞ்சு அடங்கிவிடும். எங்கள் ஆட்களில் டொக்ரரோடு கதைப்பது புருஷனின் வேலை. டொக்ரர் என்னைப் பார்த்துக் கேட்பார். சீமோன் பதில் சொல்வான். சண்டைக்குள் இருந்து வந்தவள், எல்லாவற்றுக்கும் பயம் என்பான். கன்னம் கன்றிப்போயிருந்தால், படியில் விழுந்தாள் என்பான். நித்திரைக்குப் போடுகிற குளிசையோடு திரும்பி வருவோம். அடிக்கிறவனே என் நோவை மொழிபெயர்க்கிறான், நல்ல நியாயம்.

பிறகு ஒருநாள், நான் வேலை செய்த பாண் சுடுகிற பேக்டரியில் அது வந்தது. அன்று என்னை யாரும் அடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் ஒரு பகிடி விட, நான் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு முடியுமுன் நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசர் அம்புலன்சைக் கூப்பிட்டார். இந்த முறை அது அடங்குவதற்குள் இதயத்துடிப்பைக் கோடாகக் காட்டும் ஆஸ்பத்திரி மெஷின் பிடித்துவிட்டது.

ஊசி போட்டார்கள். கூரை இடிந்து நெஞ்சில் விழுந்ததுபோல இருந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். பிறகு இதயம் ஒன்றும் நடக்காததுபோல அடித்துக்கொண்டிருந்தது.

டொக்ரர் ஒரு பெண். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். அப்படிக் கதைத்தால் எனக்கு இங்கிலீஷ் விளங்கும். சீமோன் முந்திக்கொள்வதால் அது எனக்கே தெரியாமல் இருந்தது. என் இதயத்துக்குள் பிறந்ததிலிருந்து ஒரு வயர் கூடுதலாம். கரண்ட் அதற்குள் புகுந்து சுற்றத் தொடங்கினால் இதயம் தலைதெறிக்க ஓடுமாம். பயத்தால் வந்த வருத்தமா, வேறு நோயா என்று கேட்டேன். பயந்தாலும் கிளம்பும், சிரித்தாலும் கிளம்பும், சும்மா இருந்தாலும் கிளம்பும் என்றார். இனி வந்தால் மூச்சைப் பிடித்து முக்கு, இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் முகத்தை அமிழ்த்து என்றார். என் கன்னத்தைப் பற்றியும் கேட்டார். படியில் விழுந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். வருத்தத்தை நினைத்து அல்ல. ஒரு வயரைக் கோழைத்தனம் என்று நம்பி இத்தனை அடி வாங்கினேனே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, திரும்பவும் டொக்ரரிடம் வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எடுத்தவன் சீமோன். தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி இல்லை என்பதால் மீன் கறிக்கு ஒரு முழு அறக்குளாவை சிங்க் நிறையத் தண்ணீரில் போட்டிருந்தேன். பிரீசரில் கிடந்தது இன்னும் கல்லாகத்தான் இருந்தது. சீமோன் குசினிக்குள் வந்தான்.

"ஆரைக் கேட்டு டொக்ரரோட தனியக் கதைச்சனி? என்னைப் பற்றி என்ன சொன்னனி?"

நான் வாய் திறக்குமுன் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அடி காதில். நெஞ்சு ஓடத் தொடங்கியது. இது வயர், இது வயர் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, திரும்பி முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன்.

நான் நடிப்பதாக நினைத்தானோ என்னவோ, பின்னால் இருந்து என் தலைமயிரைப் பிடித்து அமத்தினான். என் நெற்றி மீனில் இடித்தது. மூக்குக்குள் மீன் தண்ணீர் ஏறியது. விடுவான் என்று பார்த்தேன், விடவில்லை. கொல்லத்தான் அமத்தினான். அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தண்ணீருக்குள்ளேயே நெஞ்சு ஒருமுறை பலமாக இடித்தது, நின்றது, பிறகு சாதாரணமாக அடித்தது. அவன் பிடியை மாற்றுவதற்குக் கையைத் தளர்த்தினான். நான் நிமிரும்போது என் இரண்டு கையிலும் அறக்குளாவின் வால் இருந்தது.

முதல் அடி மூக்கில். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. திரும்பவும் கை ஓங்கினான், மணிக்கட்டில் அடித்தேன். பிரிட்ஜில் சாய்ந்து, சரிந்து, நிலத்தில் இருந்தான். சேர்ட் முழுக்க இரத்தம்.

எனக்குக் கால் துவளவில்லை. பயம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் நடக்க முடிந்தது. மீனை வைத்துவிட்டு, சுவரில் இருந்த போனை எடுத்து 911 அடித்தேன். பொலிசா, தீயணைப்பா, அம்புலன்சா என்று ஒரு பெண் கேட்டாள்.

"அம்புலன்ஸ் எண்டு சொல்லடி," என்றான் சீமோன், மூக்கைப் பொத்திக்கொண்டு. "எனக்கு மூக்கு உடைஞ்சு போச்சு."

பொலிஸ் என்றேன். குரல் அடைக்கவில்லை. யாருக்கு அடிபட்டது என்று அந்தப் பெண் கேட்டாள்.

எனக்கு என்றேன்.