ஆள் வருது

நான் வேலை முடிந்து ஏறும் நிறுத்தத்தில் ரயில் வந்து நின்றதும் முதலில் ஜன்னல் திறக்கும், பிறகுதான் கதவு. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை இருக்கையில் போட்டுவிட்டு, கதவு வழியாக நாம் ஏற வேண்டும். நகரத்துக்குள் ஓடும் சின்ன ரயில்தான், மூன்றே பெட்டி. ஆனாலும் இடம் போடாமல் ஏறுகிறவனை யாரும் மதிப்பதில்லை.

அன்று என் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஜன்னலோர இருக்கையில் கச்சிதமாக விழுந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கதவருகே போனேன். கதவு திறக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

“பயணி தணிகாசலம் ஏறிவிட்டார்” என்றது ஒலிபெருக்கி.

தணிகாசலம் நான்தான்.

என் மகள் நிறைமதி இரண்டாம் வகுப்பு. அடுத்த நிறுத்தத்தில் பள்ளி, அதற்கடுத்ததில் வீடு. அப்பா வந்தால்தான் இடத்தைவிட்டு நகர வேண்டும் என்று தினமும் சொல்லி அனுப்புவேன். சொன்னதை அப்படியே கேட்கிற பிள்ளை.

டிக்கெட் கவுண்டரில் பெருந்தேவி மேடம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், என் கைக்குட்டை மட்டும் போயிடுச்சு. நான் போகல.”

“நீங்க போயிட்டீங்க சார்.”

“இங்கதான நிக்கிறேன்.”

“அதான் கேக்குறேன். போனவரு எதுக்கு இங்க நிக்கிறீங்க?”

“அடுத்த வண்டிக்கு ஒரு டிக்கெட் குடுங்க. கொழந்த தனியா நிக்கிது.”

“போன ஆளுக்கு எப்படி சார் டிக்கெட் குடுக்கறது? படிச்சவரு மாதிரி இருக்கீங்க.”

படியிறங்கி ஓட்டமாக ஓடிவிடலாம் என்று பார்த்தேன். படிக்கட்டு இறங்கி இறங்கி அதே நடைமேடைக்கு வந்து சேர்ந்தது. கோபம் தலைக்கேறியது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. நிறைமதியின் வகுப்பு டீச்சர்.

“சார், பாப்பாவ கூட்டிட்டுப் போனீங்களே, டிபன் பாக்ஸ விட்டுட்டீங்க.”

“நானா கூட்டிட்டுப் போனேன்?”

“இப்பதான சார் ஸ்டேஷன் பக்கம் போனீங்க. ஏன் அப்படி கசங்கிப் போயிருந்தீங்க? உடம்பு சரியில்லையா?”

அடுத்த ரயில் வந்து நின்றது. ஜன்னல்கள் திறந்தன. பக்கத்தில் ரமீசாக்கா சமோசா விற்று முடித்த காலி டப்பாவோடு நின்றார். தினமும் எங்களோடு வருகிறவர். இடம் போட எதுவும் கிடைக்காமல் முந்தானையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீங்கதான் போயாச்சே. சும்மாதான இருக்கீங்க?”

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி என்னை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார்.

“யார் கேட்டாலும் ஆள் வருதுன்னு சொல்லுங்க. எழுந்துடாதீங்க. கீழ விழுந்தத பெருக்கித் தள்ளிடுவாங்க.”

“பயணி ரமீசா ஏறிவிட்டார்” என்றது ஒலிபெருக்கி. ரமீசாக்கா வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளி நிறுத்தத்தில் நிறைமதி ஏறினாள். ஒரு கையில் என் கைக்குட்டையின் முனையைப் பிடித்திருந்தாள். உயிரே திரும்பி வந்தது போல இருந்தது. என் பக்கத்து இருக்கை காலி.

“ரமீசா ஆன்ட்டி, நாங்க உக்காரலாமா?”

கண்ணு, நான்தான்டா அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஆள் வருது” என்றேன்.

“சரி ஆன்ட்டி” என்று கம்பியைப் பிடித்து நின்றாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. ரயில் குலுங்கியபோதெல்லாம் எனக்குப் பதறியது. சற்று நேரம் கழித்து என் காதருகே வந்தாள்.

“ஆன்ட்டி, இது எங்க அப்பா இல்லையோன்னு இருக்கு. அப்பா கை எப்பவும் வேர்த்திருக்கும். இது காஞ்சு கெடக்கு.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஆள் வருது” என்றேன்.

“நெஜமாவா? எங்க அப்பா வருவாரா?”

“ஆள் வருது. ஆள் வருது.”

வீட்டு நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். கைக்குட்டை கூட்டத்தோடு வெளியே போய்விட்டது. நிறைமதி அதன் முனையை விட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள். சடையிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். தலை ஆடவில்லை.

“எங்க அப்பா வந்தா இதுல உக்காரச் சொல்லுங்க ஆன்ட்டி.”

எறிந்தாள். பக்கத்து இருக்கையில் கச்சிதமாக விழுந்தது. எறிவதில் அப்படியே என் கை.

“பயணி நிறைமதி ஏறிவிட்டார்” என்றது ஒலிபெருக்கி.

ரயில் நகர்ந்தது. ஒரு பெரியவர் வந்து ரிப்பனைக் காட்டி, “இங்க யாராச்சும் வர்றாங்களா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரிப்பன் என் மகள் குரலில் சொன்னது.

“ஆள் வருது.”

திரும்பிப் பார்த்தேன். நடைமேடை காலியாகிவிட்டிருந்தது. ஒற்றைச் சடை அவிழ்ந்து தொங்க, அவள் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா வந்தால்தான் நகர வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.