ஆறடி வாசல்

உசிலம்பட்டிக்கு மேற்கே மந்தைப்பட்டியில் ஜில்லா போர்டு கட்டிய பள்ளிக்கூடம் சித்திரையிலேயே முடிந்துவிட்டது. ஆனி கழியப் போகும் நாளிலும் அதற்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை. கட்டடத்தில் குறையில்லை. சுண்ணாம்பு நன்றாக இறுகியிருந்தது; ஓடுகள் வரிசை பிசகாமல் இருந்தன; கரும்பலகை ஓர் எழுத்தும் படாமல் காத்திருந்தது. குறை ஊரில் இருந்தது.

புதிய பொதுக்கட்டடத்திற்குள் முதலில் வலக்காலை வைப்பவருக்கே அவ்வூரில் முதல் மரியாதை. கொத்தர்கள் உள்ளே நடமாடியது கணக்கில் சேராது. முடியாத கட்டடம் கட்டடம் ஆகாது. அம்மரியாதை பேயாண்டிக்கு உரியது என்பதில் மேலத்தெருவுக்கு ஐயமில்லை. உக்கிரபாண்டிக்கு உரியது என்பதில் கீழத்தெருவுக்கும் ஐயமில்லை. உக்கிரபாண்டி, பேயாண்டியின் தங்கை ஒச்சாயியை மணந்தவர். ஆகவே இருவரும் மிக்க உரிமையோடு பகைத்துக்கொள்ள முடிந்தது.

அதுவரை பள்ளிக்கூடம் கோயில் காளையின் தொழுவத்தில் நடந்து வந்தது. ஆசிரியை செல்லத்தாய் வண்டியூர்க்காரி. அவர் வந்த புதிதில், சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைக் காளை எட்டிப் பிடித்து, இந்துமகா சமுத்திரம் முழுவதையும் தின்றுவிட்டது. கோயில் காளையை அதட்டுவது ஊர்வழக்கில் இல்லை. செல்லத்தாய் வேறு வழி கண்டார். தேசப்படத்துக்கு எட்டாத மூலையில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் பள்ளி மணி அடித்தவுடன், அதன் கீழே ஒரு கை பருத்திக்கொட்டையை வைத்தார். சில வாரங்களில் மணியோசைக்குப் பிள்ளைகளைவிடக் காளை ஒழுங்காக வந்தது.

ஆடி பிறக்குமுன் பள்ளி புதுக் கட்டடத்தில் நடக்காவிட்டால் அதைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவதாகப் போர்டு சொல்லிவிட்டது. மாற்றினால் தமக்கு வேலை போகாது என்பது செல்லத்தாய்க்குத் தெரியும். ஓடையைக் கடந்து பக்கத்து ஊருக்கு மந்தைப்பட்டிப் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள் என்பதும் தெரியும்.

முதல் மரியாதைக்குச் சண்டை வரும் என்பதை அவர் அடித்தளம் தோண்டுமுன்பே எண்ணிப் பார்த்திருந்தார். வாசல் எத்திசை நோக்குவது என்ற வழக்கு அப்போதே எழுந்தது. மேற்கே தம் தெருவை நோக்கவேண்டும் என்றார் பேயாண்டி. கிழக்கே என்றார் உக்கிரபாண்டி. போர்டு ஓவர்சியர் சின்னச்சாமி, ஒரு கோடு கோணினாலும் தாளையே கிழித்துவிட்டு மறுபடி வரைகிறவர். அவர் வாசலை வடக்கே ஊர்ப் பொதுத்திடலான மந்தையை நோக்கி வைத்து, இருவரையும் சம அளவில் வருத்தினார். வரைபடம் முடியும் தறுவாயில் செல்லத்தாய் வந்தார்.

"ஓவர்சியர் சார், வாசல் ஆறடி அகலம் வேணும்."

"போர்டு பிளான்ல மூணரை அடிதான் டீச்சரம்மா. படிக்க வாரது பிள்ளைகளா, யானைகளா?"

"காத்து வரணும்ல?"

"அதுக்குத்தான் ஜன்னல் போட்டிருக்கேன்."

"ஜன்னல் வழியா ரெண்டு பெரிய மனுசங்க ஜோடியா நடந்து போக முடியுமா சார்?"

சின்னச்சாமி அளவுகோலைக் கீழே வைத்தார். இந்த எண்ணம் தமக்குத் தோன்றவில்லையே என்று சற்று வருந்தி, ஆறடி என்று குறித்தார்.

"படியும் வேணாம் சார். சரிவாக் கட்டிருங்க."

"அது எதுக்கு?"

"படின்னா, யாரு கால் முதப் படியில பட்டுச்சுன்னு அதுக்கொரு பஞ்சாயத்து வரும்."

அதுவும் சரியாகவே பட்டது. தொழுவத்தில் இருப்பதைப் போலவே இன்னொரு தண்டவாளத் துண்டைத் தெற்கு ஜன்னலின் உட்புறம், வெளியிலிருந்து கைக்கு எட்டுமாறு தொங்கவிடச் சொன்னபோது மட்டும் சின்னச்சாமி காரணம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார் என்று தோன்றியது.

ஆனியின் கடைசி வியாழனன்று திறப்புவிழா. மாலைகள் வந்தன, மேளம் வந்தது, இரு தெருவும் வந்தன. பேயாண்டியும் உக்கிரபாண்டியும் சரிவின் அடியில் தோளோடு தோளாக நின்றார்கள். ஆறடிக்குள் இருவரும் அவர்களுடைய மீசைகளும் தாராளமாக அடங்கும். சின்னச்சாமிக்கு நெஞ்சு நிறைந்தது.

"மாப்ள, கொஞ்சம் இந்தப் பக்கம் வா. நான் வலப்பக்கம் நிக்கணும்" என்றார் பேயாண்டி.

"ஏன் மச்சான், எனக்கு மட்டும் இடப்பக்கத்த நேந்துவிட்டிருக்கா?"

"எங்க வீட்டுல பொண்ணெடுத்தவன் நீ. எடுத்தவன் இடப்பக்கந்தான்."

"பொண்ணக் குடுத்தப்பவே அதப் பேசியிருக்கணும். இம்புட்டு வருசங்கழிச்சு வந்து வலது இடது பாக்குறீக!"

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒச்சாயியின் குரல் வந்தது. "ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறிப் போங்க. வாசல் ஒசரமாத்தான் இருக்கு."

"நீ சும்மா கெட!" என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒருமனதாகச் சொன்னது அது ஒன்றே. மாலைகள் வாடின, மேளம் கூலி வாங்கிக்கொண்டு போயிற்று.

"ஆறடியும் வீணாப் போச்சு டீச்சரம்மா" என்றார் சின்னச்சாமி.

"சரிவு இருக்குல்ல சார்" என்றார் செல்லத்தாய். சின்னச்சாமிக்கு விளங்கவில்லை.

ஆனி முடியும் நாளன்று காலையில், இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்று இரு பெரியவர்களையும் செல்லத்தாய் மந்தைக்கு வரச்சொன்னார். பள்ளிக் கதவை விரியத் திறந்து வைக்கும்படி சின்னச்சாமியிடம் சொன்னார். அவரும் வெளியே நின்றபடியே, ஒரு கழியால் கதவுகளைத் தள்ளித் திறந்தார். பிறகு செல்லத்தாய் கட்டடத்தைச் சுற்றித் தெற்கு ஜன்னலுக்குப் போனார். கம்பிகளுக்கிடையே கைவிட்டு இரண்டு கை பருத்திக்கொட்டையை உள்ளே தரையில் கொட்டினார். கை நுழைந்தால் ஆள் நுழைந்ததாகாது என்பதில் இரு தெருவுக்கும் கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை. பின்னர் மணியை அடித்தார்.

தொழுவத்தில் அன்று காளையைக் கட்டியிருக்கவில்லை. அது ஒரு கணம் காதைத் திருப்பிப் பார்த்தது. வழக்கமான இடத்திலிருந்து ஓசை வரவில்லை. ஆயினும் அது வழக்கமான ஓசைதான். நிதானமாக மந்தையைக் கடந்து, பெரியவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, சரிவில் ஏறிற்று. அதன் கொம்புகள் பரந்தவை. இருபுறமும் நிலையில் உரசாமல், ஆறடி வாசலுக்குள் தலைநிமிர்ந்து நுழைந்தது. சின்னச்சாமி சரிவைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், செல்லத்தாயைப் பார்க்கத் துணியவில்லை.

மஞ்சுவிரட்டில் கோயில் காளையைத்தான் முதலில் அவிழ்த்துவிடுவார்கள். அதை யாரும் மறிப்பதில்லை, தொடுவதுமில்லை. அதற்குமுன் தம் காளை போகவேண்டுமென்று மந்தைப்பட்டியில் எவரும் கேட்டதில்லை. பேயாண்டி துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். உக்கிரபாண்டியும் கும்பிட்டார்.

"சாமி மாடே போயிருச்சு. அதுக்கு மேல என்ன மரியாதை?" என்றார் பேயாண்டி.

"அதான் மச்சான்."

"இனி நாம போக வேண்டியதுதானே ஐயா?" என்றார் சின்னச்சாமி.

அப்போதுதான் புதிய சிக்கல் பிறந்தது. முதல் மரியாதை போய்விட்டது. இரண்டாம் மரியாதை என்று ஒன்று அவ்வூரில் இல்லை. அடுத்து நுழைபவர் வெறும் இரண்டாமவர்.

"நீ போ மாப்ள" என்றார் பேயாண்டி, மிகக் கனிவாக.

"நல்லாருக்கே! வயசுல மூத்தவுக நீங்க. நீங்க போங்க மச்சான்."

"வீட்டு மாப்ளைய வெளிய நிறுத்திட்டு நான் போனா ஊரு என்ன சொல்லும்?"

"மச்சான முந்திக்கிட்டுப் போனான்னு என்னச் சொல்லுமே!"

"அடேங்கப்பா, இந்தப் பணிவெல்லாம் வீட்டுல காங்கலையே!" என்றாள் ஒச்சாயி.

செல்லத்தாய் மணியை மறுபடி அடித்தார். மணியடித்தால் உட்காரவேண்டும் என்று பழகிய பிள்ளைகள், காளை எங்கோ தாங்கள் அங்கே என்றும் பழகியிருந்தார்கள். ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்த பெரியவர்களின் கைகளுக்குக் கீழே குனிந்து, இரு தெருப் பிள்ளைகளும் ஒரே திரளாக உள்ளே ஓடினார்கள். யார் முன், யார் பின் என்று பார்த்தவர் எவருமில்லை. ஓவர்சியர் மட்டும் பார்த்தார், மறந்துவிட்டார். செல்லத்தாய் கடைசியாக நுழைந்து, கரும்பலகையில் அகரத்தை எழுதினார். காளை பருத்திக்கொட்டையை முடித்துவிட்டு, தேசப்படம் எங்கே என்று தேடியது. புதுப் படம் ஒன்றைச் செல்லத்தாய் கொத்தர்கள் இருந்தபோதே உயரமாக மாட்டச் சொல்லியிருந்தார்.

பெரியவர்கள் அன்று உள்ளே போகவில்லை. வெயில் ஏறும்வரை ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒச்சாயி கூப்பிட்டதும் ஒரே வீட்டில் கஞ்சி குடிக்கப் போனார்கள். மறுநாள் ஆடி பிறந்தது. பள்ளி நடந்தது.

அடுத்த மாதம் சின்னச்சாமி வேறோர் ஊர்ப் பள்ளிக்கு வரைபடம் போட்டார். மேலதிகாரி அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"வாசல் ஏன் இம்புட்டு அகலம்?"

"காற்றோட்டத்துக்கு ஐயா."

"சரிவு?"

"தண்ணி வடிய ஐயா."

அதிகாரி கையெழுத்திட்டார். சின்னச்சாமி அன்று மாலையே அந்த ஊருக்குப் போய், அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவரிடம் கேட்டார்:

"அண்ணே, ஒங்க ஊரு கோயில் காளைய எங்க கட்டியிருக்கீக?"