ஒற்றைச் சிறகு

கடைசித் தையலைப் போட்டுவிட்டு, ஆமோஸ் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். மூக்கு மகனின் சட்டையில் உரசியது. சவப்பெட்டிக்காரன் தடவியிருந்த மருந்தின் நெடி. சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

முன்னறையில் இரண்டு முக்காலிகளின்மேல் பெட்டி. பெட்டிக்குள் விமானப்படைச் சீருடையில் நார்மன். இடது மார்பில் இப்போது ஒற்றைச் சிறகுச் சின்னம் இருந்தது. குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு உரியது. கைகளில் சார்ஜெண்ட் பட்டைகள். நேற்று பெட்டி வந்தபோது இதெல்லாம் கிடையாது. சின்னத்தைப் பிய்த்தெடுத்த இடத்தில் துணி வெளுக்காமல், கருநீலமாக, நூல் நுனிகள் நீட்டிக்கொண்டு ஊருக்கே சேதி சொல்லத் தயாராக இருந்தது. பக்கத்து விமானத்தளத்துப் பையன்களுக்குச் சின்னம் தைத்துக் கொடுத்தே இந்தப் போர்க்காலத்தில் கடை ஓட்டுகிற தையற்காரர் அவர். இழுப்பறையில் சின்னத்துக்கா பஞ்சம்?

ஜெர்மனிக்குப் பலமுறை போய்த் திரும்பிய பிள்ளை, நவம்பரில் ஒரு சாயங்காலம், விமானத்தில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டான். கோழை என்று எழுதி, எல்லார் முன்னாலும் சின்னத்தைப் பிடுங்கி, வேறு இடத்துக்கு மாற்றும்வரை அவன் தளத்துச் சமையற்கட்டிலேயே பாத்திரம் கழுவ விட்டார்கள். "அந்த வெறும் மார்போட என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று ஆமோஸ் சொல்லியனுப்பினார். ஹெஸ்டர் மட்டும் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இவர் போகவும் இல்லை, எப்படி இருக்கிறான் என்று அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் நாக்கு தேய்ந்தா போகும்? போன வாரம் பனிமூட்டத்தில் சைக்கிளில் போனவனை லாரி அடித்துவிட்டது. சண்டையிலிருந்து திரும்பி இறங்கும்போது விமானம் தரையில் மோதிவிட்டது என்று ஆமோஸ் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஹெஸ்டர் ரொட்டித் தட்டோடு உள்ளே வந்தாள். மகனின் மார்பைப் பார்த்தாள்.

"தையல் நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பத்து மணிக்குமேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கசாப்புக்கடைக்காரர் மனைவி மிஸஸ் பிண்டர் கைக்குட்டையும் கையுமாகப் பெட்டி அருகிலேயே நின்றுகொண்டாள்.

"எங்க தெருப் பையனும் ஒருத்தன் இருக்கானே, லண்டன்ல நாற்காலி தேச்சுக்கிட்டு. பெத்தா இப்படிப் பெக்கணும். ஏன் ஆமோஸ், கூட இருந்த பசங்க ஒருத்தரும் வரலியா?"

"எல்லாரும் ஆஸ்பத்திரியில. எழுந்திரிக்கவே முடியாதாம்."

வாயை மூடவில்லை, ஜன்னலுக்கு வெளியே நீலச் சீருடையில் மூன்று பேர் தெருவில் விறுவிறுவென்று நடந்து வருவது தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இப்போது சாப்பிட ஆள் வந்துவிட்டது. ஆமோஸ் தொப்பிகூட இல்லாமல் வாசல் கேட்டுக்கு ஓடினார். உள்ளே எதுவும் சொல்லிவிடாதீர்கள், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று கெஞ்ச வேண்டும்.

முன்னால் வந்தவன் இரட்டைச் சிறகுச் சின்னம் வைத்த விமானி. இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

"மிஸ்டர் பிளாஞ்சர்ட் வீடு இதானே? நான் ஹாக்ஸ்வர்த். நார்மன் எங்க விமானத்துலதான் இருந்தான். நீங்க அவன் சித்தப்பாங்களா?"

"நான்தான் பிளாஞ்சர்ட்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், நீங்க எழுந்து நடக்கலாமா? டாக்டர் விட்டாரா?"

"எனக்கென்ன?"

"நெஞ்சுல நீர் கோத்து ரொம்ப நாளாப் படுக்கையில இருக்கீங்கன்னு நார்மன் சொல்லுவான். இல்லேன்னா எங்கப்பாதான் முதல் ஆளா வந்து நின்னிருப்பாரும்பான். அவன் சின்னத்தைப் பிடுங்கினப்பறமும் நாங்க யாரும் அவன்கூடப் பேச்சை விடலை சார், சமையக்கட்டுக்குப் போய்ப் பார்ப்போம். அம்மா வந்தா உங்களப் பத்தி விசாரிப்போம். அப்படியேதான் இருக்காருன்னுவாங்க."

ஆமோஸ் திரும்பினார். வாசற்படியில் ஹெஸ்டர் நின்றிருந்தாள். அவருக்குக் காது மடல்வரை சுட்டது. கெஞ்ச வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பெட்டியருகே மூன்று பேரும் நின்றார்கள். குள்ளமாக இருந்தவன் மார்பிலிருந்த சின்னத்தைப் பார்த்துவிட்டு விமானியைப் பார்த்தான். விமானி ஆமோசைப் பார்த்தான்.

"அடப் பாவமே, ஆஸ்பத்திரின்னாங்களே உங்கள" என்றாள் மிஸஸ் பிண்டர்.

"நேத்துதான் விட்டாங்கம்மா" என்றான் விமானி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"பையன் எப்படிப்பா? பயமே கிடையாதாமே?"

"பயமில்லாதவன் எங்கள்ல யாரும்மா? நார்மன் நல்ல பையன். அவன் பின்னால உக்காந்திருந்தா எங்களுக்குத் தைரியமா இருக்கும்."

ஆமோஸ் சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பையன் தனக்காகப் பொய் சொன்னதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு, அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்த நார்மன்தான் கண்ணில் நின்றான்.

ஊர்க்காரர்கள் பெட்டியை மூடித் தூக்கினார்கள். தேவாலயம் மேட்டின் உச்சியில். தெருவே வாசலில் நின்றது. முந்தாநாள் இதே மேட்டில் ஆமோஸ் ஒரு முழுத் துணிக்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியதைப் பார்த்த தெரு.

ஹாக்ஸ்வர்த் பக்கத்தில் வந்து முழங்கையை நீட்டினான். "பிடிச்சுக்கங்க சார். அவசரமே இல்ல, மெதுவாப் போலாம்."

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நார்மன் பொய்யனாகிவிடுவான். ஆமோஸ் கையை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தோளைத் தளர்த்தி, காலை இழுத்து வைத்தார்.

"என்னாச்சு இவருக்கு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு?" என்று பின்னால் மிஸஸ் பிண்டரின் குரல்.

"ரொம்ப நாளாவே முடியலை" என்றாள் ஹெஸ்டர்.

பாதி மேட்டில் ஆமோஸ் நின்றார். நெஞ்சில் கையை வைத்து மூச்சு வாங்கினார். பெட்டி முன்னால் போய்க்கொண்டிருக்க, மூன்று பையன்களும் அவருக்காக நின்றார்கள்.