திரைச்சீலை மடிப்பில் நாற்பத்தொரு நோட்டு

போன புயலுக்குப் பிறகுதான் சின்ன மருமகளுக்கு வயிற்றெரிச்சல் வந்தது என்று சொன்னால் அது பொய். வயிற்றெரிச்சல் கல்யாணமான நாளிலிருந்தே இருந்தது. புயல் அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மின்சாரம் போய், ஏடிஎம் மூடி, கடைகளில் கார்டு மெஷின் எல்லாம் செத்துக் கிடந்த அந்த நாட்களில், கீழ்வீட்டு ஓரகத்தி, அதாவது பெரிய மருமகள், அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டப்பாவுக்குள் பணம், பூச்சி வராமலிருக்க இரண்டு பாச்சை உருண்டை. மாமியாருக்கு மாத்திரை, குடிக்கத் தண்ணீர், மாடிவீட்டுக்கு மெழுகுவத்தி, எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். மாடிவீடு என்றால் யார்? நம் சின்ன மருமகள்தான். ஊர் ஜனங்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற தையல்காரி, ஒரு மெழுகுவத்திக்குக் கீழே இறங்கிப் போய்க் கை நீட்டினாள்.

"வீடுன்னா இப்படி இருக்கணும். இவ இல்லேன்னா என்ன ஆயிருக்கும் நம்ம கதி?" என்றாள் மாமியார். அதை ஒரு தடவை சொல்லி நிறுத்தினாளா? வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். பெரியவள் உடைத்தால் மண்குடம், சின்னவள் உடைத்தால் பொன்குடம் என்பது அந்த வீட்டில் என்றைக்கோ எழுதியாகிவிட்டது. இப்போது டப்பா வேறு சேர்ந்துகொண்டது.

ஒருநாள் ரவிக்கைக்கு அளவெடுக்கிற சாக்கில் சின்னவள் பேச்சுக் கொடுத்தாள்.

"எவ்வளவுதான்க்கா வச்சிருக்கீங்க அதுல?"

பெரியவள் மறைக்கத் தெரியாத மனுஷி. "ஒரு மாசச் செலவுக்கு. ஐந்நூறு ரூபா நோட்டு நாப்பது இருக்கும். அதுக்கு மேல வீட்ல வச்சா எனக்குத் தூக்கம் வராதும்மா."

நாற்பது. அந்த எண் சின்னவளின் மண்டைக்குள் ஊசி மாதிரி இறங்கியது. அன்றே புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்லயும் அவசரத்துக்குப் பணம் வேணும். நாப்பத்தொண்ணு."

"அதென்ன கணக்கு, நாப்பத்தொண்ணு?"

"கணக்கு எனக்குத் தெரியும். நீங்க எடுத்துட்டு வாங்க."

அவன் வாயில்லாப் பூச்சி. தலையைச் சொறிந்துகொண்டே போனவன், ஒரு வாரம் கழித்து ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினான். சின்னவள் எண்ணினாள். சரியாக நாற்பத்தொன்று. எண்ணும்போதே இரண்டு தும்மல் வந்தது. துணித்தூசி என்று நினைத்தாள். அலமாரி, டப்பா எல்லாம் கண்டவர்கள் வைக்கிற இடம், தையல்காரிக்கு அது அழகா? கூடத்து ஜன்னல் திரைச்சீலையின் அடிமடிப்பைப் பிரித்து, நோட்டுகளை வரிசையாக உள்ளே வைத்து, வெளியே தெரியாதபடி கைத்தையல் போட்டாள். திரை கனமாக, நேராகத் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு குளிர்ந்தது. இன்னொரு புயல் வராதா என்று கூட நினைத்தாள். நினைக்கலாமா? நினைத்தாள், என்ன செய்வது.

புயல் வந்தது. மறுபடியும் மின்சாரம் இல்லை, மெஷின் இல்லை. இரண்டாம் நாள் காலையில் மாமியார் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிப் போயிற்று. எலும்பு டாக்டரோ முன்பணமில்லாமல் தொடமாட்டேன் என்கிறார், டாக்சிக்காரனும் கையில் காசு கேட்கிறான்.

பெரியவள் மாடிப்படி ஏறி வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் எதையும் கேட்டு அந்தப் படி ஏறியதில்லை.

"சின்னவளே, கையில ஏதாவது இருக்கா? எங்கிட்ட இப்ப இல்லே."

அடடா, அந்த நேரத்தில் சின்னவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. கீழே கிழவி வலியில் முனகுகிறாள். இவளுக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. திரைச்சீலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கீழே போய், மாமியார் கண்ணெதிரே உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வேண்டுமென்றே நிதானமாகப் பிரித்தாள்.

"வீடுன்னா அவசரத்துக்கு நாலு காசு இருக்கணும்க்கா. டப்பா மட்டும் இருந்தா போதுமா?"

சின்னவள் நாற்பதை எண்ணிக் கொடுத்தாள். பெரியவளின் டப்பாக் கணக்குக்குச் சமமாக, குறி வைத்துத்தான் நாற்பது. ஒன்றை மடிப்பிலேயே விட்டாள். பெரியவள் வாங்கிய நோட்டுகளை ஒரு கணம் பார்த்தாள், பைக்குள் வைத்தாள்.

"இன்னிக்குச் சின்னவ இல்லேன்னா என் கதி என்ன?" என்றாள் மாமியார்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்.

அவர்கள் டாக்சியில் போனபின், மாமியாரின் போர்வையை எடுத்து வைக்கச் சின்னவள் கீழ்வீட்டு அலமாரியைத் திறந்தாள். பிஸ்கட் டப்பா மூடியில்லாமல் கிடந்தது. உள்ளே இரண்டு பாச்சை உருண்டை மட்டும். குனிந்ததும் வாசனை மூக்கில் ஏறி, இரண்டு தும்மல் வந்தது. அதே தும்மல். அவள் கை தானாகத் திரைச்சீலையை எடுத்தது. மோந்து பார்த்தாள், அதிலும் அதே பாச்சை உருண்டை வாசனை.

புருஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு மாசமா பாதிச் சம்பளம்தான் வருது. உங்கிட்ட எப்படிச் சொல்றது? அண்ணிகிட்ட கேட்டேன். டப்பால இருந்ததை அப்படியே கொட்டிக் குடுத்துட்டாங்க. 'அவகிட்ட சொல்லிடாதே, ரோசக்காரி, தாங்கமாட்டா'ன்னாங்க."

"அப்ப அந்த நாப்பதும்..."

"அவங்களோடது. மேல ஒண்ணுதான் நம்மளது."

சாயங்காலம் காலில் கட்டோடு மாமியார் வந்து இறங்கினாள். வாசலில் கூடிய அக்கம்பக்கத்தாரிடம் இறங்கும்போதே ஆரம்பித்தாள்: "எல்லாம் என் சின்ன மருமக குடுத்தது. பெரியவளே, இவகிட்ட கத்துக்க."

"கத்துக்கறேன் அத்தே," என்றாள் பெரியவள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

இல்லே அத்தே, அது அக்கா பணம் என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மெச்சிக்கொண்டு. வாயை மூடிக்கொண்டாள்.

பொறாமை தீர்ந்ததா என்றால், எங்கே தீர்ந்தது? டப்பா மேல் இருந்தது போய், இப்போது அந்தச் சுருக்கமில்லாத முகத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. மாடிக்குப் போய்த் திரையை மாட்டினாள். காற்றுக்குத் துணி எழும்பிப் பறந்தது. ஒரு மூலை மட்டும், அவளுடைய அந்த ஒற்றை நோட்டு இருந்த மூலை, சுவரில் தட்டித் தட்டி விழுந்தது.