காலேஜுக்குக் கொடுத்த தண்ணீர்

பன்னிரண்டாவது பாட்டிலும் அதே அளவைக் காட்டியதும் ரத்தினபாய் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டின் குழாயை மூடிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பம்மலில் ஒரே தெருவில் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு கிணறுகள். உப்பு எல்லாவற்றிலும் ஒரே அளவு. இரட்டைப் பிள்ளைகளுக்கே காதோ மூக்கோ கொஞ்சம் மாறியிருக்கும். போதாததற்கு அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக வேறு இருந்தது. தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால், கழிவு வாய்க்காலை ஒட்டின தெருவில் இப்படி ஒரு தண்ணீர் ஊறுமானால் அந்தக் கிணறுகளுக்குக் கோயிலே கட்டலாம். சனிக்கிழமை மதியம் மணி இரண்டு. திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்துக் குழுவின் முன்னால் இந்தக் கணக்கை அவள் வைத்தாக வேண்டும்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாக அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். அப்பா படுத்த படுக்கையானபோது பாதியில் விட்ட ஆராய்ச்சிப் படிப்பை அவள் மறுபடி தொடவே இல்லை. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வருவார்கள், செய்முறை வகுப்பில் அதே பழைய உப்புகளைக் கண்டுபிடிப்பார்கள், போய்விடுவார்கள். போன ஜூனில்தான் அறிவிப்புப் பலகையில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் ஒருவர் தலைமையில் பட்டவகுப்பு மாணவர்கள் குழுவாகச் செய்யும் ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் நிதி கொடுக்கும் என்று இருந்தது. மூன்று வாரம் யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் விண்ணப்பம் வாங்கிவந்தாள்.

துறைத்தலைவர் சுவிசேஷமுத்து நல்ல மனுஷர். ஆனால் யாருடைய உற்சாகத்திலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல் அவரால் இருக்க முடியாது.

"பி.எஸ்சி. பசங்க ரிசர்ச் பண்றதா? பிப்பெட்ட ஒடைக்காம இருந்தாலே ஸ்தோத்திரம் சொல்லணும்மா," என்றார்.

நிதி கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த அன்று ரத்தினபாய் ஆசிரியைகள் அறையின் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். நாற்பத்தாறு வயதில் இப்படி அழுதது அவளுக்கே வெட்கமாக இருந்தது. நாலு மாணவர்கள், தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை நாற்பது கிணறுகள், ஒரு வருஷம். பாதிப் பணம் கொடுத்திருந்தார்கள். அரையாண்டு அறிக்கை திருப்தியாக இருந்தால்தான் மீதி வரும். வராவிட்டால் வேலை நடுவிலேயே நின்றுவிடும். இது நின்றால் இன்னொன்று தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

மதியம் எட்டிப் பார்த்த சுவிசேஷமுத்து அந்தப் பன்னிரண்டு எண்களையும் கண்டார். "நல்லாத்தானே இருக்கு? அப்படியே போடுங்க. கமிட்டிக்காரங்க எண்ணைப் பார்ப்பாங்க, கிணத்தையா எட்டிப் பார்க்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ரத்தினபாய்க்கு மனம் வரவில்லை. பம்மல் தெரு அரிகிருஷ்ணனுடைய பொறுப்பு. முடிச்சூரில் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், சைக்கிளில் வருபவன். முதல்நாள் சாயங்காலமே வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட வேண்டும். விடியலில் கிணற்றில் முதலில் இறைக்கும் தண்ணீரை வீட்டுக்காரர்களே நிரப்பி வைப்பார்கள். பையன் ஏழு மணிக்குப் போய்ச் சேகரிப்பான். இந்த ஏற்பாட்டை யோசித்தவள் ரத்தினபாய்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது: பயல் சோம்பல்பட்டு ஏதோ ஒரு குழாயடியில் பன்னிரண்டையும் பிடித்துவிட்டான்.

மைதானத்திலிருந்து ஆளனுப்பிக் கூப்பிட்டாள். வியர்வையோடு வந்து நின்றான்.

"எந்தக் குழாய்ல புடிச்ச?"

"குழாயா? இல்ல மேடம். அவங்க குடுத்ததத்தான் எடுத்துகினு வந்தேன்."

"பொய் சொல்லாத அரி. மத்த மூணு பேரும் வெயில்ல அலைஞ்சதுல நீ ஒருத்தன் மண்ண அள்ளிப் போட்டுட்ட. உன்ன சேர்த்ததே என் தப்பு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். கடைசி வாக்கியத்தைச் சொன்ன கணமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று இருந்தது. பையன் கண் சிவந்துபோய்த் தரையைப் பார்த்தான்.

"என்னோட வாங்க மேடம். நீங்களே கேளுங்க," என்றான்.

பஸ்ஸில் அவன் முன்படியருகே நின்றுகொண்டே வந்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காரவில்லை.

தெருவுக்குள் நுழையும்போதே தோல் வாடை மூக்கில் ஏறியது. முதல் வீடு பச்சையம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும், கணவன் ஷெட்டில் வேலை செய்து ஓய்ந்தவன். 'காலேஜ் டீச்சர்' என்றதும் அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டுச் சோடா வாங்க ஆளைத் தேடினாள். ரத்தினபாய் தடுத்து, பாட்டிலில் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்டாள்.

"நல்ல தண்ணிதான் டீச்சர். லாரித் தண்ணி. தெருவுல எல்லாரும் அத்தான் ஊத்தினோம். அன்னிக்கு லாரி வரல. நான் கொடத்துல புடிச்சி வெச்சிருந்தத ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தேன்."

"கிணத்துத் தண்ணிதானே கேட்டோம்?"

பச்சையம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இன்னா டீச்சர் நீங்க. அந்த நாத்தத் தண்ணியப் போயி காலேஜுக்குக் குடுப்பாங்களா? படிச்சவங்க கையால தொடப் போறாங்க. அத்த நாங்க மாட்டுக்குக்கூட வெக்கறதில்ல. பாத்திரம் கயுவறதோட சரி."

அரிகிருஷ்ணன் வாசலில் நின்று சைக்கிள் ஓட்டும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தினபாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாட்டிலைக் கழுவ ஆசிட், எண் எழுதி ஒட்டக் காகிதம், விடியலின் முதல் வாளி என்று எல்லாவற்றையும் யோசித்தவள், வீடு தேடி வந்து கேட்டவருக்கு யாரும் கெட்ட தண்ணீர் கொடுக்க மாட்டார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"மோசமான தண்ணிதாம்மா எங்களுக்கு வேணும். நீங்க குடுத்தத வெச்சு எழுதினா இந்தத் தெருவுல தண்ணி நல்லாருக்குன்னு ஆயிடும். அப்புறம் யாரும் உங்களத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

பச்சையம்மா உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"போன தையில பொண்ணு பாக்க வந்தாங்க டீச்சர். கை கயுவ கெணத்துத் தண்ணிதான் கீது. கய்வினவரு கைய மோந்து பாத்தாரு. காபி கூடக் குடிக்கல. இப்ப நீங்க எயுதி, பேப்பர்ல கீப்பர்ல வந்துச்சின்னா, இந்தத் தெருவுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

பேர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான் என்று ரத்தினபாய் சொன்னாள். நாளை விடியலில் வருகிறேன், இஷ்டம் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் கோபமில்லை என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அரிகிருஷ்ணனைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நான் சொன்னது தப்புடா. மன்னிச்சுடு," என்றாள். அவன் பதறிப்போய், "ஐயோ, விடுங்க மேடம்," என்று கண்டக்டரைப் பார்த்தான்.

அன்று மாலையே அறிக்கையில் அந்தப் பன்னிரண்டு எண்களையும் அடித்து, 'செல்லாது. மாதிரி எடுத்த முறையில் என் பிழை' என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் திறப்பது அந்தக் கல்லூரியில் வழக்கமில்லை. விடியலில் தண்ணீர் கிடைத்தாலும் திங்கட்கிழமைக்குள் சோதிக்க வழி கிடையாது. நாற்பதில் பன்னிரண்டு ஓட்டையோடுதான் போய் நிற்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவர்கள் மீதிப் பணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று வாய் சொன்னது. மனசு அப்படிச் சொல்லவில்லை. அது, நிறுத்திவிடக் கூடாதே, நிறுத்திவிடக் கூடாதே என்று இரவெல்லாம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஞாயிறு ஐந்தரை மணிக்கு, சர்ச் ஆராதனையை விட்டுவிட்டு, அவள் பம்மலில் இருந்தாள். அரிகிருஷ்ணன் முடிச்சூரிலிருந்து இருட்டிலேயே மிதித்து வந்திருந்தான். பாட்டில்களை ஒரு பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். கிணற்று உருளைகள் கிறீச்சிட்டன. ஆறு மணி ஆயிற்று. கதவுகள் திறந்தன, வாசல் தெளித்தார்கள், யாரும் பெஞ்சுப் பக்கம் வரவில்லை. அரிகிருஷ்ணன் பாட்டில்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கலாமா என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தான்.

அப்போது பச்சையம்மா வந்தாள். கையில் சொம்பு. அதை முந்தானையால் மூடியிருந்தாள். நேராகப் பையனிடம் போய், முந்தானையை விலக்காமலே, "எயுதிக்கோப்பா," என்றாள்.

"நம்பர் மட்டும் போதும்மா," என்றாள் ரத்தினபாய்.

"பேரையும் போடட்டும். பச்சையம்மா. தண்ணி என்னுதுதானே."

முந்தானையை விலக்கினாள். ஆறின டீயைப் போல ஒரு நிறம். அவள் ஊற்ற, ரத்தினபாய் குனிந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். கைமேல் வழிந்தது. துடைக்கவில்லை. நிமிர்ந்தபோது பச்சையம்மாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு சொம்பு. எல்லாச் சொம்புகளும் முந்தானையால் மூடியிருந்தன.